முழு உடல் ஸ்கேன்: பில் ஸ்கேன் சென்டரோடு முடிந்துவிடுமா? போடி ஏலமலைத் தொழிலாளர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

போடிநாயக்கனூரில் விடியும் முன்பே ஜீப்புகள் கிளம்பிவிடும். முந்தல் தாண்டி, 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, போடிமெட்டு வழியாகப் பூப்பாறை, சாந்தன்பாறை பக்கத்து ஏலத்தோட்டங்களுக்கு ஆள் போய்ச் சேர வேண்டும். நாள் முழுக்க குனிந்து காய் எடுத்துவிட்டு சாயங்காலம் மலை இறங்கும்போது இடுப்பு வலி, முட்டி வலி. மருந்து அடித்த நாளாக இருந்தால் கூடவே தலைவலி.

இந்த நேரத்தில்தான் செல்போனில் ஒரு விளம்பரம் வருகிறது. "தலை முதல் கால் வரை ஒரே ஸ்கேன். ஒளிந்திருக்கும் நோயை முன்கூட்டியே கண்டுபிடியுங்கள்!" பார்த்தவுடன் யாருக்கும் தோன்றுவது ஒன்றுதான். "ஒரு தடவை எடுத்துப் பாத்துட்டா நிம்மதிதானே?"

நிம்மதி கிடைக்குமா? அந்த ஒரு தடவையோடு செலவு முடிந்துவிடுமா? உலகம் முழுக்க 20 ஆண்டுகளுக்கும் மேலாக ஆய்வாளர்கள் கேட்டுவரும் கேள்வி இது. அவர்களுக்குக் கிடைத்த பதில், விளம்பரம் சொல்வதிலிருந்து வெகுதூரம் விலகி நிற்கிறது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்ப்போம்: பரிசோதனை வேறு, ஸ்கேன் வேறு

'முழு உடல் பரிசோதனை' என்று தமிழில் ஒரே பெயரில் சொல்லப்படுவது உண்மையில் இரண்டு வெவ்வேறு விஷயங்கள்.

ஒன்று, மாஸ்டர் ஹெல்த் செக்கப். ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, சிறுநீரகம், கல்லீரல் ஆகியவற்றுக்கான ரத்தப் பரிசோதனை, ஈசிஜி போன்றவை இதில் இருக்கும். 2025 ஆகஸ்ட் 2-ம் தேதி தமிழக அரசு தொடங்கிய 'நலம் காக்கும் ஸ்டாலின்' முகாம்கள் இந்த வகை. அங்கே டாக்டர் ஆளைப் பார்த்து, வயதையும் தொந்தரவையும் கேட்டு, எந்தப் பரிசோதனை தேவை என்று முடிவு செய்கிறார்.

இரண்டாவது, முழு உடல் ஸ்கேன். எந்தத் தொந்தரவும் இல்லாத ஒருவரை சிடி அல்லது எம்ஆர்ஐ இயந்திரத்துக்குள் அனுப்பி, தலையிலிருந்து கீழ்வரை படம் எடுப்பது. "இங்க வலிக்குது, அதைப் பாருங்க" என்று யாரும் சொல்லவில்லை. ஏதாவது இருக்கிறதா என்று பொதுவாகத் தேடுவதுதான் நோக்கம். இந்தக் கட்டுரை பேசுவது இந்த இரண்டாவது வகையைப் பற்றி.

அமெரிக்காவில் 2000-களின் தொடக்கத்தில் முழு உடல் சிடி ஸ்கேன் பெரிய ஃபேஷனாக இருந்தது. பிறகு அடங்கியது. 2023-ல் பிரபல டிவி நட்சத்திரம் கிம் கர்தாஷியன் முழு உடல் எம்ஆர்ஐ எடுத்துக்கொண்டதாக இன்ஸ்டாகிராமில் பதிவு போட்ட பிறகு, புது வடிவில் மீண்டும் பரபரப்பானது. அவர் எடுத்த ஸ்கேனின் கட்டணம் சுமார் 2,500 டாலர்.

ஸ்கேன் எடுத்தால் எத்தனை பேருக்கு 'ஏதோ ஒன்று' தெரியும்?

கிட்டத்தட்ட எல்லோருக்கும்!

அமெரிக்காவில் முழு உடல் சிடி ஸ்கேன் எடுத்துக்கொண்ட 1,192 பேரின் ரிப்போர்ட்டுகளை ஆராய்ந்து 2005-ல் ஒரு ஆய்வு வெளியானது. அதில் 86 சதவீதம் பேருக்கு குறைந்தது ஒரு 'மாறுபாடு' இருந்தது. சராசரியாக ஒரு ஆளுக்கு 2.8 கண்டுபிடிப்புகள். 37 சதவீதம் பேருக்கு "மேற்கொண்டு பரிசோதனை செய்யவும்" என்று ரிப்போர்ட்டிலேயே எழுதப்பட்டிருந்தது.

எம்ஆர்ஐ-யில் நிலைமை கொஞ்சம் பரவாயில்லை. அறிகுறி எதுவும் இல்லாத 5,373 பேரிடம் நடந்த 12 ஆய்வுகளைத் தொகுத்து 2019-ல் ஒரு அலசல் வந்தது. அதன்படி 32 சதவீதம் பேருக்கு 'முக்கியமானது' அல்லது 'என்னவென்று உறுதியாகச் சொல்ல முடியாதது' என்ற ரகத்தில் ஏதோ ஒன்று தெரிந்தது. பொய் எச்சரிக்கையின் அளவு 16 சதவீதம்.

பொய் எச்சரிக்கை என்றால்? நோய் இருப்பதுபோலப் படத்தில் தெரியும். பின்னாலேயே போய்ப் பார்த்தால் ஒன்றும் இருக்காது. ஆனால் 'ஒன்றும் இல்லை' என்று தெரிந்துகொள்வதற்குள் நேரமும் பணமும் தூக்கமும் போயிருக்கும்.

ஏன் இவ்வளவு தெரிகிறது? சல்லடையில் இருக்கிறது விடை

போடிக்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். ஏலக்காயைத் தரம் பிரிக்கும் சல்லடையை நினைத்துக்கொள்ளுங்கள். 8 மில்லிமீட்டர் சல்லடையில் தங்கும் காய்க்குத் தனி விலை. அதே காயை மிக நுண்ணிய சல்லடையில் கொட்டினால் என்ன ஆகும்? நல்ல காய், பொடிக்காய், காம்பு, சருகு எல்லாமே மேலேயே நிற்கும். சல்லடை வேலை செய்ததுபோலத் தெரியும். ஆனால் எதையும் பிரித்திருக்காது.

இன்றைய ஸ்கேன் இயந்திரங்கள் அந்த மாதிரி. சில மில்லிமீட்டர் புள்ளியைக்கூடக் காட்டிவிடும். நாற்பது, ஐம்பது வயதைத் தாண்டிய உடம்பில் இப்படிப் புள்ளிகள் நிறையவே இருக்கும்.

* சிறுநீரகத்தில் சாதாரண நீர்க்கட்டி
* கல்லீரலில் ரத்தக்குழாய்க் கட்டி, ஃபேட்டி லிவர்
* தைராய்டில் சிறு முடிச்சு
* பித்தப்பையில் தொந்தரவு தராத கல்
* முதுகெலும்பு வட்டில் தேய்மானம்
* நுரையீரலில் எப்போதோ ஆறிப்போன காசநோய்த் தழும்பு

இவற்றில் பெரும்பாலானவை ஆயுள் முழுக்க எந்தத் தொல்லையும் தராமல் உடம்போடு இருந்துவிட்டுப் போகக்கூடியவை. ஸ்கேன் எடுக்காதவரை, அப்படி ஒன்று இருப்பதே அந்த மனிதருக்குத் தெரியாது. காசநோய் அதிகம் உள்ள நம் நாட்டில் பழைய தழும்பு நுரையீரலில் தெரிவது சர்வசாதாரணம்.

சிக்கல் என்னவென்றால், இதுதான் தழும்பு, இதுதான் புற்றுநோயின் தொடக்கம் என்று முதல் படத்தை மட்டும் வைத்து ரேடியாலஜிஸ்டால் எல்லா நேரமும் அடித்துச் சொல்ல முடியாது. அதனால் ரிப்போர்ட்டின் கடைசியில் 'கிளினிக்கல் கோரிலேஷன் தேவை', 'தொடர் கண்காணிப்பு தேவை' என்று எழுதுவார். அவர் மீது தப்பில்லை. எழுதாமல் விட்டு, பின்னால் அது நோயாகிவிட்டால் பொறுப்பு அவருடையது. ஆனால் அந்த ஒரு வரியிலிருந்துதான் அடுத்த செலவு தொடங்குகிறது.

அந்த ஒரு வரிக்குப் பிறகு என்ன நடக்கும்?

போடியில் ஒரு 50 வயது ஏலத்தோட்டத் தொழிலாளி இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். எந்தத் தொந்தரவும் இல்லை. பீடி, சிகரெட் பழக்கமும் இல்லை. சலுகை விலையில் கிடைத்தது என்று முழு உடல் சிடி ஸ்கேன் எடுத்துவிட்டார். நுரையீரலில் 9 மில்லிமீட்டர் புள்ளி. என்னென்ன நடக்கலாம் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு போடியில் டாக்டரைப் பார்க்கிறார். ஒரு நாள் வேலை போச்சு.

2. நெஞ்சுக்கு மட்டும் தனியாக இன்னொரு ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார்கள். தேனிக்குப் போக வேண்டும். இன்னொரு நாள்.

3. அந்த ரிப்போர்ட்டைக் காட்ட மூன்றாவது நாள். "சந்தேகமா இருக்கு, மதுரைக்குப் போய் பயாப்ஸி எடுத்துருங்க" என்கிறார்கள்.

4. சுமார் 90 கிலோமீட்டர் தள்ளி மதுரை. ஊசி போட்டு நுரையீரலிலிருந்து திசு எடுக்கிறார்கள். கண்காணிப்புக்காக அன்று இரவு தங்க வேண்டியிருக்கிறது. இரண்டு நாள். இதில் சிலருக்கு நுரையீரலைச் சுற்றிக் காற்று கசிந்து, கூடுதலாகச் சில நாள் படுக்கையில் இருக்க நேரிடுவதும் உண்டு.

5. முடிவை வாங்க ஆறாவது நாள். "கேன்சர் இல்லைங்க, பழைய தழும்பு மாதிரி இருக்கு. எதுக்கும் ஆறு மாசம் கழிச்சு ஒரு ஸ்கேன், ஒரு வருஷத்துல ஒண்ணு, ரெண்டு வருஷத்துல ஒண்ணு எடுத்துப் பாத்துக்கலாம்."

கணக்குப் போட்டால் ஒன்பது நாள் கூலி. துணைக்கு வரும் மனைவியோ மகனோ சேர்ந்தால் பதினெட்டு நாள் கூலி. காய் எடுப்பு சீசனில் இது நடந்தால் அந்த வீட்டின் வருமானத்தில் பெரிய ஓட்டை. ஸ்கேன், பயாப்ஸி, பஸ், சாப்பாடு, மாத்திரைச் செலவு எல்லாம் தனி.

இவ்வளவுக்கும் பிறகு அவருக்குக் கிடைத்தது என்ன? ஸ்கேன் எடுப்பதற்கு முன்பு அவருக்கு என்ன உடல்நிலை இருந்ததோ, அதே உடல்நிலை. கூடவே இரண்டு வருஷத்துக்கு ஒரு பயம்.

இந்தச் சங்கிலித்தொடரைத்தான் ஆய்வாளர்கள் 'பின்தொடர் மருத்துவச் செலவு' என்று கணக்கிடுகிறார்கள். விளம்பரத்தில் போட்டிருக்கும் கட்டணத்தில் இது எதுவும் வராது.

இன்சூரன்ஸ் கைகொடுக்காதா?

பெரும்பாலும் கொடுக்காது. மூன்று காரணங்கள்.

ஒன்று: தனியார் மருத்துவக் காப்பீடுகளில், வெறும் பரிசோதனைக்காக மட்டும் மருத்துவமனையில் சேர்ந்தால் அந்தச் செலவு கிடைக்காது என்பது பொதுவான விதி. உள்நோயாளியாகச் சேர்ந்து சிகிச்சை பெற்றால்தான் பாலிசி பேசும்.

இரண்டு: முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைக்குக் கைகொடுக்கும் திட்டம். ஏழைக் குடும்பங்களுக்குப் பெரிய பலம். ஆனால் தொந்தரவே இல்லாமல், நாமாகப் போய் வெளியே எடுத்துக்கொள்ளும் ஸ்கேனுக்கான திட்டம் அல்ல அது.

மூன்று: இதைப் பலர் யோசிப்பதே இல்லை. ஸ்கேனில் ஏதாவது தெரிந்துவிட்டால், அதன் பிறகு புதிதாக பாலிசி எடுக்கும்போது அதை மறைக்கக் கூடாது. 'ஏற்கெனவே உள்ள நோய்' என்று பதிவானால், அதற்கான சிகிச்சைக்கு அதிகபட்சம் 3 ஆண்டுகள் வரை காத்திருப்புக் காலம் வைக்க நிறுவனங்களுக்கு விதி அனுமதிக்கிறது.

வருமான வரி கட்டுபவர்களுக்கு, பழைய வரி முறையில் 80டி பிரிவின்கீழ் தடுப்புப் பரிசோதனைக்கு 5,000 ரூபாய் வரை கழிவு உண்டு. தினக்கூலிக்கு மலை ஏறுபவர்களுக்கு இதனால் பலன் எதுவும் இல்லை.

சரி, முன்கூட்டியே தெரிந்தால் பின்னால் செலவு மிச்சம்தானே?

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. "இப்ப கொஞ்சம் செலவு பண்ணா பின்னால லட்சக்கணக்குல மிச்சம்" என்றுதான் விற்பனையும் நடக்கிறது. இதைச் சோதித்துப் பார்த்த ஒரு கணக்கு இருக்கிறது.

2005-ல் அமெரிக்காவின் பாஸ்டனைச் சேர்ந்த ஆய்வாளர்கள், 50 வது வயதில் உள்ள 5 லட்சம் ஆண்களுக்கு முழு உடல் சிடி ஸ்கேன் எடுத்தால் என்ன ஆகும் என்று கணினி மாதிரி வழியாகக் கணக்கிட்டார்கள். கிடைத்த விடை இது:

* 100 பேரில் சுமார் 91 பேருக்கு ஸ்கேனில் ஏதாவது ஒன்று தெரியும்.
* அவர்களில் நிஜமாகவே நோய் இருப்பது 2 பேருக்கு.
* ஆயுள் கூடுவது சராசரியாக 6 நாள்.
* அதற்கு ஒவ்வொருவருக்கும் ஆகும் கூடுதல் செலவு 2,513 டாலர்.
* மொத்தச் செலவில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு, பொய் எச்சரிக்கையைத் துரத்திப் போனதால் ஆனது.

ஆக, செலவு மிச்சமாகவில்லை, கூடியது. அதில் மூன்றில் ஒரு பங்கு, இல்லாத நோயைத் தேடியதற்கு!

அமெரிக்க ரேடியாலஜி கல்லூரி, அதாவது ஸ்கேன் பார்ப்பதையே தொழிலாகக் கொண்ட டாக்டர்களின் அமைப்பு, 2023-ல் வெளியிட்ட அறிக்கையில், அறிகுறி இல்லாதவர்களுக்கு முழு உடல் ஸ்கேனைப் பரிந்துரைக்கப் போதுமான ஆதாரம் இல்லை என்று சொல்லிவிட்டது. ஸ்கேன் எடுத்தால் வருமானம் வரக்கூடியவர்களே இப்படிச் சொல்கிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஒரு நாடே பாடம் கற்ற கதை: தென்கொரியா

செலவோடு முடிந்தால் பரவாயில்லை. தேவையில்லாத சிகிச்சை வரை போய்விட்டால்?

தென்கொரியாவில் 1999-ல் அரசு ஒரு தேசிய பரிசோதனைத் திட்டத்தைத் தொடங்கியது. தைராய்டு பரிசோதனை அதில் கிடையாது. ஆனால் மருத்துவமனைகள் 30 முதல் 50 டாலருக்கு, "இதையும் சேர்த்துப் பாத்துக்கங்க" என்று தைராய்டு ஸ்கேனைக் கூடுதலாக விற்றன. மக்களும் எடுத்துக்கொண்டார்கள்.

2011-ல் அந்த நாட்டில் கண்டுபிடிக்கப்பட்ட தைராய்டு புற்றுநோயின் விகிதம், 1993-ல் இருந்ததைப்போல 15 மடங்கு. அந்த ஒரே ஆண்டில் 40,000 பேருக்கு மேல் தைராய்டு புற்றுநோய் என்று சொல்லப்பட்டது. அத்தனை பேரைக் கண்டுபிடித்து சிகிச்சை கொடுத்தால் சாவு குறைந்திருக்க வேண்டும் அல்லவா? குறையவில்லை. தைராய்டு புற்றுநோயால் இறப்பவர்களின் எண்ணிக்கை அப்படியே இருந்தது.

கண்டுபிடித்ததில் பெரும்பாலானவை, விட்டிருந்தால் ஆளை ஒன்றும் செய்யாத சிறு கட்டிகள். ஆனால் 'கேன்சர்' என்ற வார்த்தையைக் கேட்ட பிறகு யார் சும்மா இருப்பார்கள்? ஏறக்குறைய எல்லோரும் ஆபரேஷன் செய்துகொண்டார்கள். 15,000-க்கும் மேற்பட்டவர்களின் காப்பீட்டு ஆவணங்களை ஆராய்ந்ததில் 11 சதவீதம் பேருக்குக் கால்சியத்தைக் கட்டுப்படுத்தும் சுரப்பி பாதிக்கப்பட்டிருந்தது. 2 சதவீதம் பேருக்குக் குரல்நாண் செயலிழந்திருந்தது. பெரும்பாலானவர்கள் ஆயுள் முழுக்க தைராய்டு மாத்திரை சாப்பிட வேண்டிய நிலை.

2014-ல் அங்குள்ள டாக்டர்கள் சிலரே ஒன்றுசேர்ந்து பொதுமக்களுக்கு வெளிப்படையாக எச்சரிக்கை விட்டார்கள். அடுத்த ஓராண்டில் தைராய்டு ஆபரேஷன்கள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தன.

"எங்க சொந்தக்காரர் ஸ்கேன் எடுத்ததாலதான் பிழைச்சார்" என்கிறார்களே?

அப்படி நிஜமாகவே பிழைத்தவர்கள் உண்டு. அதை மறுக்க முடியாது. ஆனால் எல்லாக் கதையும் அப்படி அல்ல. இதில் ஒரு கணக்குப் பிழை ஒளிந்திருக்கிறது.

மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வருகிறது. உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி தாண்டி போடிக்கு வந்து சேரும். ஒருவர் அந்த ரயிலை உசிலம்பட்டியிலேயே பார்த்துவிடுகிறார். இன்னொருவர் தேனியில்தான் பார்க்கிறார். உசிலம்பட்டியில் பார்த்தவர், "நான் பார்த்த பிறகும் ரயில் ரொம்ப நேரம் ஓடுச்சு" என்பார். உண்மைதான். ஆனால் போடிக்கு ரயில் வந்து சேர்ந்த நேரம் இருவருக்கும் ஒன்றே.

நோயிலும் இப்படி நடக்கும். நான்கு ஆண்டு முன்னதாகவே கண்டுபிடித்தால், "கேன்சர் வந்தும் பத்து வருஷம் வாழ்ந்தார்" என்று தோன்றும். சிகிச்சையால் ஆயுள் நீளவில்லை என்றால், கூடியது நோயாளி என்ற பெயரோடு வாழ்ந்த ஆண்டுகள் மட்டுமே.

அதனால்தான், ஒரு பரிசோதனை நல்லதா என்று பார்க்க எத்தனை பேருக்கு நோயைக் கண்டுபிடித்தது என்று எண்ணினால் போதாது. பரிசோதனை செய்துகொண்டவர்களில் சாவு குறைந்ததா என்று பார்க்க வேண்டும்.

அப்படிக் குறைத்துக் காட்டிய பரிசோதனை இருக்கிறதா? பக்கத்து மாவட்டத்திலேயே இருக்கிறது

எல்லாப் பரிசோதனையும் வீண் என்று இதற்கு அர்த்தம் இல்லை. உலகமே எடுத்துக்காட்டாகச் சொல்லும் ஒரு ஆய்வு, தேனிக்குப் பக்கத்தில் திண்டுக்கல் மாவட்டத்தில் நடந்தது.

2000-ம் ஆண்டு தொடங்கிய அந்த ஆய்வில், 30 முதல் 59 வயதுப் பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை செய்யப்பட்டது. பெரிய இயந்திரம் எதுவும் இல்லை. பயிற்சி பெற்ற நர்ஸ், கர்ப்பப்பை வாயில் அசிட்டிக் அமிலக் கரைசலைத் தடவிப் பார்ப்பார். வீட்டு வினிகரில் இருக்கும் அதே அமிலம்தான். மாறுதல் இருந்தால் அந்த இடம் வெள்ளையாகத் தெரியும். புற்றுநோயாக மாறும் முன்பே சிகிச்சை கொடுத்துவிடலாம்.

31,000-க்கும் மேற்பட்ட பெண்களுக்கு, ஒரே ஒரு தடவை செய்யப்பட்ட பரிசோதனை அது. 2007-ல் 'லான்செட்' இதழில் முடிவு வெளியானது. பரிசோதனை நடந்த கிராமங்களில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ச் சாவு, நடக்காத கிராமங்களைவிட 35 சதவீதம் குறைவு.

இன்னும் சில:

* மும்பை: இதே முறையில் டாடா நினைவு மருத்துவமனை சுமார் 1.5 லட்சம் பெண்களிடம் நடத்திய ஆய்வில் சாவு 31 சதவீதம் குறைந்தது. 2013-ல் முடிவு வெளியானது.
* திருவனந்தபுரம்: பயிற்சி பெற்ற பணியாளர்கள் வீடு வீடாகப் போய் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார்கள். புகையிலை, மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப்புற்றுநோய்ச் சாவு 34 சதவீதம் குறைந்ததாக 2005-ல் அறிவித்தார்கள்.
* அமெரிக்கா: பல ஆண்டுகள் கடுமையாகப் புகைபிடித்தவர்களுக்கு மட்டும் குறைந்த கதிர்வீச்சு சிடி ஸ்கேன் எடுத்ததில், நுரையீரல் புற்றுநோய்ச் சாவு 20 சதவீதம் குறைந்தது. 2011-ல் வெளியான முடிவு. இதிலும் 'சந்தேகம்' என்று வந்தவற்றில் 96 சதவீதம் பொய் எச்சரிக்கைதான். ஆனாலும் ஆபத்து அதிகம் உள்ளவர்களுக்கு மட்டும் எடுத்ததால் லாபம் நஷ்டத்தை மிஞ்சியது.

இவை எல்லாவற்றிலும் ஒரு பொது அம்சம் உண்டு. எந்த நோய், யாருக்கு, எந்த வயதில், கண்டுபிடித்தால் என்ன சிகிச்சை என்று முன்பே தீர்மானித்துவிட்டுத் தேடினார்கள். சரியான அளவு சல்லடை! முழு உடல் ஸ்கேனில் இல்லாதது இந்தத் தெளிவுதான்.

ஏலமலைத் தொழிலாளிக்கு ஸ்கேன் எதைக் காட்டாது?

இதுதான் முக்கியமான விஷயம். மலை ஏறி வேலை பார்ப்பவர்களுக்கு வரக்கூடிய பல தொந்தரவுகளை, முழு உடல் ஸ்கேன் காட்டவே காட்டாது.

ரத்த அழுத்தம், சர்க்கரை: எந்தப் படத்திலும் தெரியாது. கைப்பட்டையும் ஒரு சொட்டு ரத்தமும் போதும்.

ரத்த சோகை: தேசிய குடும்பநல ஆய்வின் 5-வது சுற்றுப்படி தமிழகத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேல், 53 சதவீதம் பேருக்கு ரத்த சோகை. ஏலக்காய் எடுப்பிலும் தரம் பிரிப்பிலும் பெண்களே அதிகம். களைப்பு, மூச்சு வாங்குதல் என்றால் முதலில் பார்க்க வேண்டியது ஹீமோகுளோபின்.

பூச்சிமருந்து பாதிப்பு: ஏலத்துக்கு அடிக்கும் குயினால்பாஸ் போன்ற மருந்துகள் நரம்புகளைப் பாதிக்கும் ரகம். மருந்து அடித்த நாளில் தலைவலி, குமட்டல், அதிக எச்சில், கண் மங்கல் வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். 'கோலினெஸ்டரேஸ்' என்ற ரத்தப் பரிசோதனை இதைக் காட்டும். ஸ்கேன் காட்டாது.

கர்ப்பப்பை வாய், வாய்ப்புண்: தொடக்கநிலை மாறுதல்களைக் கண்ணால் பார்க்கும் பரிசோதனைதான் சிறந்தது.

இவற்றில் பலவற்றை அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் போடி அரசு மருத்துவமனையிலும் காசில்லாமல் பார்த்துக்கொள்ளலாம். 30 வயதைத் தாண்டிய பெண்களுக்கு மார்பகம், கர்ப்பப்பை வாய், வாய் ஆகிய மூன்று புற்றுநோய்ப் பரிசோதனைகளும், ஆண்களுக்கு வாய்ப்புற்றுநோய்ப் பரிசோதனையும் தேசியத் திட்டத்திலேயே இருக்கின்றன. 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிரஷர், சுகர் பார்க்கவும் மாத்திரை கொடுக்கவும் வீட்டுக்கே ஆள் வருகிறார்கள். விடியற்காலை ஜீப் ஏறிவிடுபவர்கள் அந்த நேரத்தில் வீட்டில் இருக்க மாட்டார்கள். தன்னார்வலரிடம் பேசி, வேலை இல்லாத ஒரு நாளைக் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

கதிர்வீச்சு ஆபத்து உண்டா?

எம்ஆர்ஐ-யில் இல்லை. சிடி ஸ்கேனில் உண்டு. ஒரு முழு உடல் சிடி-யில் 10 மில்லிசீவர்ட் அல்லது அதற்கு மேல் கதிர்வீச்சு உடலில் படலாம். இயற்கையாக ஒரு ஆண்டில் நம்மீது படும் உலக சராசரி 2.4 மில்லிசீவர்ட். அதாவது நான்கு ஆண்டுக் கதிர்வீச்சு ஒரே நாளில்.

10 மில்லிசீவர்ட் ஸ்கேன், உயிரைப் பறிக்கும் புற்றுநோய் வரும் வாய்ப்பை 2,000-ல் 1 என்ற அளவில் கூட்டக்கூடும் என்கிறது அமெரிக்காவின் எஃப்டிஏ. தனி ஒருவருக்கு இது மிகச் சிறிய ஆபத்து. நோய் இருந்தால், தாராளமாக ஏற்றுக்கொள்ளலாம். நோயே இல்லாத ஒரு லட்சம் பேருக்கு எடுத்தால்? 50 பேர்.

அப்போ யார் ஸ்கேன் எடுக்க வேண்டும்?

இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு, டாக்டர் எழுதிக்கொடுத்த ஸ்கேனை எடுக்காமல் விட்டுவிடாதீர்கள். அது பெரிய தவறு. கீழே உள்ள தொந்தரவுகள் இருந்தால் தள்ளிப்போடாமல் டாக்டரைப் பார்க்க வேண்டும்:

* காரணமில்லாமல் எடை குறைதல்
* இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், சளியில் ரத்தம்
* ஆறாத வாய்ப்புண், விழுங்குவதில் சிரமம்
* மார்பகத்திலோ கழுத்திலோ புதிதாகக் கட்டி
* மாதவிடாய் நின்ற பிறகு ரத்தப்போக்கு
* மலத்தில் ரத்தம், புதிதாக வந்த கடுமையான தலைவலி

இப்படி ஒரு காரணத்தோடு, குறிப்பிட்ட உறுப்பைப் பார்க்க எடுக்கும் ஸ்கேன் உயிரைக் காப்பாற்றும். அரசு மருத்துவமனை டாக்டர் எழுதிக்கொடுத்தால், தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் மையங்களில் தனியாரைவிட மிகக் குறைந்த கட்டணத்தில் எடுத்துக்கொள்ளலாம். தேனி மாவட்டத்துக்காரர்களுக்கு க.விலக்கில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. குடும்பத்தில் பலருக்கு இளம் வயதிலேயே புற்றுநோய் வந்திருந்தால், அதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும். சில அரிய மரபணுக் கோளாறுகளுக்கு முழு உடல் எம்ஆர்ஐ-யே பரிந்துரைக்கப்படுகிறது.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டிய 5 கேள்விகள்

1. எனக்கு எந்த நோய்க்காக இந்த ஸ்கேன்?

2. இது சிடி-யா, எம்ஆர்ஐ-யா, அல்ட்ராசவுண்டா?

3. ஏதாவது தெரிந்தால் அடுத்து என்ன செய்ய வேண்டும்? அதற்கு எவ்வளவு ஆகும், எங்கே போக வேண்டும்?

4. இதை எழுதிக்கொடுத்த டாக்டர் என்னை நேரில் பார்த்தாரா?

5. ஸ்கேனுக்குப் பதிலாக இதே நோயைக் கண்டுபிடிக்க சின்னப் பரிசோதனை ஏதாவது இருக்கிறதா?

மூன்றாவது கேள்விக்கு நேரான பதில் வரவில்லை என்றால் கொஞ்சம் நிதானிப்பது நல்லது.

ஏற்கெனவே ஸ்கேன் எடுத்து, ரிப்போர்ட் கையில் இருந்தால்?

பதற வேண்டாம். ரிப்போர்ட்டில் உள்ள ஒவ்வொரு வார்த்தையையும் செல்போனில் தேடிப் பயப்படவும் வேண்டாம். தூக்கியும் போட்டுவிட வேண்டாம். படத்தையும் ரிப்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு பொதுமருத்துவர் ஒருவரிடம் காட்டுங்கள். பழைய எக்ஸ்ரே, ஸ்கேன் ஏதாவது இருந்தால் மறக்காமல் கொண்டுபோங்கள். ஐந்து வருஷத்துக்கு முந்தைய படத்திலும் அதே புள்ளி அதே அளவில் இருந்தால், பல சமயம் பயாப்ஸியே தேவைப்படாது. சந்தேகம் இருந்தால் 104 என்ற அரசு மருத்துவ உதவி எண்ணிலும் கேட்கலாம்.

ஸ்கேனுக்கு ஒதுக்கி வைத்த பணம் கையில் அப்படியே இருக்கட்டும். அடுத்த வாரம் வேலை இல்லாத நாளில் வீட்டில் முப்பது வயதைத் தாண்டிய எல்லோரும் அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் பிரஷர், சுகர், ஹீமோகுளோபின் பார்த்துவிட்டு வரலாம். பெண்கள் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனையையும் கேட்டு வாங்கிச் செய்துகொள்ளலாம். திண்டுக்கல் கிராமங்களில் உயிர்களைக் காப்பாற்றியது அந்த எளிய பரிசோதனைதான். செலவு, ஒரு நாள் நேரம் மட்டும்.